கருத்தம்மாவின் கரைகளில்

ஜூலை 9, செவ்வாய்: நாகர்கோவில் – அம்பலப்புழை

நாகர்கோவில் சந்திப்பில் காலையில் ஏறும்போது தூறலாக இருந்த மழை, திருவனந்தபுரம் தாண்டியதும் பெருமழையாகிவிட்டது. பெட்டியில் எல்லோரும் ஜன்னல் கதவுகளை இறக்கிவிட்டார்கள். அந்தப் புழுக்கத்திலும் ஈரத்துணி வாடையிலும் உட்கார்ந்து, நானும் அத்தையும் ‘செம்மீன்’ படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனோம். அத்தை என் அப்பாவின் மூத்த சகோதரி, வயது எழுபத்தாறு. 1965-ல் வெளிவந்த அந்த மலையாளப் படம் நாகர்கோவில் கொட்டகைக்கு வந்தபோது, தன் சித்தியின் துணையோடு போய்ப் பார்த்தவர். குமரிப் பெண்களைக் காதல் படத்துக்கு அனுப்ப வீட்டில் தயங்கியிருக்கிறார்கள். கற்பைப் பற்றிய படம், பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று வாதாடித்தான் சித்தி அழைத்துப் போனாராம். எனக்கு அந்தக் கதை முதலில் புத்தகமாகக் கிடைத்தது; எங்கள் ஊர்க்காரரான சுந்தர ராமசாமி செய்த தமிழ் மொழிபெயர்ப்பில் கல்லூரி நாட்களில் படித்தேன், படத்தை அதன் பிறகுதான் பார்த்தேன். கதை நடக்கும் கரையையும் படம் எடுத்த கரையையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அத்தை வெகுகாலமாகச் சொல்லிவந்தார். முழங்கால் வலி இன்னும் கூடுவதற்குள் போய்விடலாம் என்று இந்த ஜூலையில் கிளம்பிவிட்டோம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். செம்பன்குஞ்ஞு என்ற மீனவருக்குச் சொந்தமாக ஒரு தோணியும் வலையும் வாங்க வேண்டும் என்பதே வாழ்நாள் வெறி. அவருடைய மகள் கருத்தம்மாவும், கரையில் மீன் வாங்கி உலர்த்தி விற்கும் முஸ்லிம் இளைஞனான பரீக்குட்டியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். தோணிக்கும் வலைக்கும் போதாமல் இருந்த மீதிப் பணத்தைப் பரீக்குட்டிதான் கொடுக்கிறான். தோணி வந்த பிறகு கடனும் திரும்பவில்லை. மீனைத் தனக்கே தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. கருத்தம்மாவைப் பழனி என்ற அனாதை மீனவனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். கடலில் போன கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது, அவள் தவறினால் கடலம்மை அவனை விழுங்கிவிடுவாள் என்ற நம்பிக்கை கதை முழுக்கப் பேசப்படுகிறது. கடைசியில் ஓர் இரவில் கருத்தம்மா பரீக்குட்டியைச் சந்திக்கிறாள். அதே இரவில் தனியாகக் கடலுக்குப் போன பழனி சுறாவோடு போராடிச் சுழலில் மூழ்குகிறான்; காதலர்கள் இருவரும் பிணமாகக் கரையொதுங்குகிறார்கள்.

அத்தையின் கட்சி எளிமையானது: கருத்தம்மா நல்லவள், ஆனால் அந்த ஓர் இரவில் தவறிவிட்டாள், கடல் கணக்குத் தீர்த்துக்கொண்டது. எனக்கு இது ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. கடலம்மை செய்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு காரியத்தையும் கரையில் இருக்கும் மனிதர்கள் முன்பே செய்து முடித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். “போய்ப் பாப்போம் மக்களே, கடக்கரையில உள்ளவங்ககிட்டயே கேட்டிருவோம்” என்றார் அத்தை. கொல்லத்தில் ஏறிய பழம்பொரி சூடாக இருந்தது. ஒன்று இருபது ரூபாய். அத்தை இரண்டு சாப்பிட்டார்.

அம்பலப்புழையில் இறங்கியபோது மழை சற்று விட்டிருந்தது. தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடப்பதால் சாலையோரம் முழுக்கச் சேறு. ஆட்டோ ஓட்டுநர் அத்தையின் கையைப் பிடித்து, பலகை போட்ட இடமாகப் பார்த்து விடுதி வாசல் வரை நடத்திக் கொண்டுபோய் விட்டார். அதற்குத் தனியாகக் கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார். மாலையில் கிருஷ்ணன் கோவிலுக்குப் போனோம். பெயர்பெற்ற பால்பாயசத்துக்கான சீட்டு எங்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. முகம் வாடி நின்ற அத்தையைப் பார்த்து, கோழிக்கோட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் தங்கள் பாத்திரத்திலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தது. பாலும் அரிசியும் சர்க்கரையும் மட்டும்தான். நெடுநேரம் காய்ந்து இளஞ்சிவப்பேறி, அடிப்பிடித்த வாசனையே இல்லாமல் அவ்வளவு இனிப்பு. பெயர்கூடக் கேட்காமல் பகிர்ந்து கொடுத்துவிட்டு அவர்கள் தங்கள் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஜூலை 10, புதன்: தகழி, நீர்க்குன்னம்

அம்பலப்புழையிலிருந்து கிழக்கே போகும் பேருந்தில் சற்று நேரத்தில் தகழி வந்துவிடுகிறது. சாலையின் இரண்டு பக்கமும் குட்டநாட்டின் வயல்கள் நீருக்கடியில் கிடந்தன. வரப்பில் நின்ற தென்னைகளை வைத்துத்தான் எது வயல், எது வாய்க்கால் என்று அறிய முடிந்தது. ‘செம்மீன்’ நாவலை எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை 1912-ல் பிறந்ததும் 1999-ல் இறந்ததும் இந்த ஊரில்தான். அவர் வாழ்ந்த சங்கரமங்கலம் என்ற வீடு இப்போது நினைவகமாக இருக்கிறது. ஓடு வேய்ந்த தாழ்வான வீடு. முற்றத்திலேயே அவருடைய நினைவிடம். உள்ளே அவர் புழங்கிய பொருட்கள், புகைப்படங்கள், பரிசுகள். 1956-ல் வந்த நாவலுக்கு மறு ஆண்டு சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. 1984-க்கான ஞானபீடமும் அவருக்கு வந்தது. கண்காணிப்புப் பொறுப்பில் இருந்த அம்மையார் அத்தைக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, குடிக்கச் சீரகத் தண்ணீர் கொடுத்தார்.

நான் அங்கே நின்று யோசித்தது ஒன்றைத்தான். தகழி கடற்கரையில் பிறந்தவர் அல்லர், வயல் சூழ்ந்த ஊரில் பிறந்தவர். தொழிலால் வழக்கறிஞர், அம்பலப்புழை நீதிமன்றத்தில் வழக்காடியவர். கடனும் பாக்கியும் எழுதாத ஒப்பந்தமும் ஒரு குடும்பத்தை எப்படி அரிக்கும் என்பதைக் கட்சிக்காரர்களின் வாயால் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டவர் எழுதிய காதல் கதை இது. இந்தக் கோணத்தில் பார்த்தால் ‘செம்மீன்’ முழுவதும் ஒரு கடனின் கதையாகவே தெரிகிறது. பரீக்குட்டி பணத்தையும், தன் கொட்டகையில் இருந்த உலர்மீனையும் எந்தச் சீட்டும் எழுதி வாங்காமல் கொடுக்கிறான். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டில் விடாமல் கேட்பவள் கருத்தம்மா ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்னால் அது தீர வேண்டும் என்று அவள் தவிக்கிறாள். காதலனுக்காக மட்டும் அவள் தவிக்கவில்லை. கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட வேண்டும் என்ற நேர்மையும் அதில் இருக்கிறது. அந்தக் கரையில் அறம் தவறாதவள் யாரென்றால் அவள்தான்.

அத்தை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “கடனை வாங்கினது அப்பன். அதுக்கு மக என்ன செய்வா?” என்று மட்டும் சொன்னார். நான் சொல்ல வந்ததும் அதைத்தான் என்றேன்.

மதியச் சாப்பாட்டைத் தகழியில் ஒரு சிறு உணவகத்தில் முடித்தோம். பருத்த சிவப்பரிசிச் சோறு, குடம்புளி போட்டுக் கொதிக்கவைத்த சாளைக் குழம்பு, பீர்க்கங்காய்த் தோரன், மோர். சாப்பாடு எண்பது ரூபாய். மீன் பொரியலுக்குத் தனி விலை. சாளை இந்த ஆண்டு அகப்படவே இல்லை, சந்தையில் கிலோ முந்நூறு ரூபாய்க்குக் குறையவில்லை என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். ஏழைகளின் மீன் என்று நாங்கள் நினைத்திருந்த சாளைக்கு இந்த விலையா என்று அத்தை இரண்டு தடவை கேட்டார்.

பிற்பகலில் நீர்க்குன்னம் போனோம். நாவலில் செம்பன்குஞ்ஞுவின் கரை இது. அம்பலப்புழைக்கு வடக்கே நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் கடல். அலை அன்றைக்கு மிகவும் பெரியதாக இருந்தது. கருங்கல் தடுப்பைத் தாண்டி நீர் சிதறி, தென்னைகளின் அடியை அரித்துக்கொண்டிருந்தது. படத்தில் பார்த்த அகன்ற வெண்மணல் இங்கே இல்லை. கல்லுக்கும் வீடுகளுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு பட்டைதான் கரை. கடலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் குடும்பங்கள் வேறிடம் போவதற்கு அரசு பத்து லட்சம் ரூபாய் கொடுக்கும் திட்டம் கேரளத்தில் இருக்கிறது. போய்விட்டவர்களின் வீடுகள் கூரையில்லாமல் நின்றன; போக மனமில்லாதவர்கள் வாசலில் மணல்மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

அப்படியொரு வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவரின் மனைவி எங்களை உள்ளே அழைத்துக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கலாம், மீன் விற்கப் போகிறவர். அத்தை நேராகவே விஷயத்துக்கு வந்துவிட்டார்: கணவர் கடலில் இருக்கும்போது மனைவி தவறினால் கடலம்மை கொண்டுபோய்விடும் என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தார்களா? அந்த அம்மா கோபப்படவில்லை, நிதானமாகப் பதில் சொன்னார். தன் தாயோ பாட்டியோ அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. சினிமா பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் வந்து கேட்கும்போதுதான் கேள்விப்பட்டிருக்கிறார். கணவர் கடலில் இருக்கும்போது தான் நினைப்பது எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போதுமா, காற்றறிவிப்பு என்ன, கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்பதைத்தான் என்றார். பிறகு சற்று நிறுத்திவிட்டு, “எங்களைப் பற்றி நல்ல கதைதான் எழுதினார், ஆனால் அந்தப் பாரத்தை எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்” என்று மலையாளத்தில் சொன்னார்.

எங்களுக்கு அந்த இடத்தில் 2017 நினைவுக்கு வந்தது. நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் நிறையப் பேர் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் பெண்கள் நாள்கணக்கில் கடற்கரையில் காத்திருந்ததை அத்தை நேரில் பார்த்தவர். எச்சரிக்கை நேரத்துக்கு எட்டவில்லை, தேடுதல் தாமதமானது என்றுதான் அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களில் ஒருத்தியிடமாவது போய் உன் கற்பில்தான் குறை என்று யாரால் சொல்லியிருக்க முடியும்? திரும்பும் வழியில் அத்தை வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

ஜூலை 11, வியாழன்: புறக்காடு, பல்லனை, திருக்குன்னப்புழை

காலையில் அப்பமும் கடலைக்கறியும். இருவருக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாய். நாள் முழுவதும் சுற்ற ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு ஆட்டோ பேசினோம். ஓட்டுநர் ஓய்வுபெற்ற பள்ளி ஊழியர். படத்தின் பாட்டுகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். யேசுதாஸ் பாடிய கடலுக்கு அக்கரை போனவர்களைப் பற்றிய பாட்டை அவர் தொடங்க, பின்னால் அத்தை சேர்ந்துகொண்டார். வயலாரின் வரிகளுக்கு இசையமைத்த சலில் சௌத்ரி வங்காளி. மலையாளத்தில் அவருக்கு அதுதான் முதல் படம். பரீக்குட்டியின் ஏக்கப் பாட்டான ‘மானச மைனே’யைப் பாடிய மன்னா டேயும் வங்காளிதான், அவருடைய மனைவி சுலோசனா கேரளத்தவர், உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தவர் அவர் என்பார்கள். உச்சரிப்பில் இன்னும் ஒரு சிறு அந்நியம் மிச்சமிருக்கிறது. அந்தக் கரையின் சாதிக்கும் மதத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவனின் குரலாக அது ஒலிப்பதற்கு அந்த அந்நியமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

புறக்காட்டில் கடலைப் பார்க்க இறங்கினோம். மழைக்காலத்தில் இந்தக் கரைப்பக்கம் சில ஆண்டுகளில் சேற்றுத்திட்டு உருவாகும். மென்சேறு நீரில் கலந்து அலையை அடக்கிவிடுவதால், மற்ற இடங்களில் கடல் கொந்தளிக்கும்போது இங்கே மட்டும் குளம்போல் அமைதியாகக் கிடக்கும். மீனும் இறாலும் அங்கே கூடும், சுற்று வட்டாரத்து வள்ளங்கள் அத்தனையும் வந்து சேரும். சாகரை என்று சொல்லும் இந்தக் காலம்தான் நாவலிலும் படத்திலும் கரையின் திருவிழாக்காலம். கையில் காசு புழங்குவதும் கல்யாணப் பேச்சு நடப்பதும் அப்போதுதான். விசைப்படகுகளுக்கு ஜூலை 31 வரை தடை இருப்பதால் இப்போது சிறு வள்ளங்களுக்கு மட்டுமே கடல். நாங்கள் போன நேரத்தில் சாகரை விழவில்லை. வள்ளங்கள் தார்ப்பாய் போர்த்திக் கரையில் கிடந்தன. ஆட்கள் சீட்டாடிக்கொண்டு கடலைப் பார்த்திருந்தார்கள்.

அவர்களோடு பேசியதில் பரீக்குட்டியின் கடனுக்கு இன்றைய வடிவம் என்ன என்று தெரிந்தது. வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் பணம் கொடுத்த தரகர் வழியாகவே மீனை ஏலம் விட வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குக் கழிவு உண்டு. இதிலிருந்து மீனவர்களை விடுவிக்கவே 1984-ல் மத்ஸ்யஃபெட் என்ற கூட்டுறவு இணையம் தொடங்கப்பட்டது. அதன் கடனில் வாங்கிய வள்ளம் ஒன்றையும், தரகரின் கடனில் வாங்கிய வள்ளங்களையும் அடுத்தடுத்துக் காட்டினார்கள். ஒரு வள்ளத்தின் அடியில் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுட்டிக்காட்டி, 2018 வெள்ளத்தில் லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனபோது மதில்சுவரில் மோதியது என்றார்கள். மாடிகளில் தவித்தவர்களைத் தோணியில் ஏற்றிக் கரைசேர்த்த அந்த வாரத்தில் யாரும் தங்களுடைய சாதியைக் கேட்கவில்லை என்று ஒரு இளைஞர் சொன்னார்.

சாதி என்ற சொல் நாவலின் முதல் பகுதியிலேயே வருகிறது. அந்தக் கரையில் தோணியும் வலையும் வைத்துக்கொள்ளும் உரிமை வலக்காரன் என்ற சாதிக்கு மட்டுமே, செம்பன்குஞ்ஞுவோ முக்குவன் சாதி. தன் சாதிக்கு விதித்த எல்லையை அவர் பணத்தால் தாண்டுகிறார், மகள் தன் மதத்துக்கு விதித்த எல்லையைத் தாண்ட நினைக்கும்போது அதே மனிதர் எதிரே வந்து நிற்கிறார். கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் அந்த வேடத்தில் செய்திருப்பதை இன்னொரு நடிகர் செய்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். காதலர்களாக வரும் ஷீலாவையும் மதுவையும்விட அவர்தான் படத்தைச் சுமக்கிறார். புதுத் தோணியைத் தடவிப் பார்க்கும்போது அவர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை மகளைப் பார்க்கும் எந்தக் காட்சியிலும் நான் காணவில்லை.

தோட்டப்பள்ளி தாண்டிப் பல்லனையில் இறங்கினோம். மலையாள மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் படகு கவிழ்ந்து இறந்தது இந்த ஆற்றில்தான். அங்கே அவருக்கு நினைவிடம் இருக்கிறது. சாவித்திரி என்ற நம்பூதிரிப் பெண் புலையன் ஒருவனோடு வாழத் தலைப்படுவதை ‘துரவஸ்தா’ என்ற காவியமாக 1922-லேயே எழுதியவர் அவர். அவர் மூழ்கிய நீரிலிருந்து கருத்தம்மா வாழ்ந்ததாக எழுதப்பட்ட கரை கூப்பிடு தூரம்தான். ஆசானின் சாவித்திரி பிழைத்துக்கொள்கிறாள், அவளுக்குப் பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த கருத்தம்மாவைச் சாகக் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

திருக்குன்னப்புழை வந்து சேரும்போது பிற்பகல். பழனியின் ஊர் இது. கருத்தம்மாவின் தாய் சக்கி இறந்துபோன செய்தியைச் சொல்ல, நீர்க்குன்னத்திலிருந்து பரீக்குட்டி இங்கே வருகிறான். கருத்தம்மாவுக்கு இனி நீ அண்ணனாக இருக்க வேண்டும் என்று சாகும்போது சக்கி அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கடற்கரை அது. கடனால் எல்லாவற்றையும் இழந்தவன், கடனை வாங்கிய வீட்டுச் சாவைச் சொல்வதற்காக அவ்வளவு தூரம் வருகிறான். அந்த வருகையை ஊர் வேறு விதமாகப் பேசுகிறது. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து பழனியோடு ஒரே தோணியில் போகச் சக மீனவர்கள் மறுக்கிறார்கள். கடலில் அவன் தனியாக நின்றதற்குக் காரணம் இந்த மறுப்புதான். இதைச் சத்தமாக ஓட்டுநரிடமும் அத்தையிடமும் சொன்னேன். ஓட்டுநர் தலையசைத்தார். அத்தை சற்று நேரம் கழித்து, பழனியாக நடித்த சத்யனை நினைத்தவராக, “சத்யன் முகத்தப் பாத்துட்டு வேற ஒண்ணும் யோசிக்கத் தோணாது மக்களே, அப்படி நடிச்சிருப்பாரு. இப்ப நெனச்சா, கூட ரெண்டு பேர் போயிருந்தா அவன் பிழைச்சிருப்பாம்லா” என்றார்.

அலை பார்க்கக் கல்தடுப்பின் மேல் சற்று முன்னால் போனபோது, பெரிய அலை ஒன்று ஏறி இருவரையும் முழங்கால் வரை நனைத்து, அத்தையின் ஒரு செருப்பைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த சிறுமி தன் பாட்டியின் ரப்பர்ச் செருப்பைக் கொடுத்தாள்; காசு கொடுத்தபோது உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வேண்டாம் என்று அதட்டியது.

ஜூலை 12, வெள்ளி: நாட்டிகை

திருச்சூர் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. மழை முழுதாக விட்டு வெயில் அடித்தது. திருப்பிரயார் இராமர் கோவிலின் படித்துறையில் ஆற்று மீன்களுக்குச் சோறு போடும் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. நேர்ந்துகொண்டவர்கள் வரிசையில் நின்று சோற்றைத் தூவ, மீன்கள் துள்ளி மேலே வந்தன. மீன் பிடிக்கும் ஊர்களாகப் பார்த்து வந்த எங்களுக்கு இது புதுமையாக இருந்தது.

நாட்டிகைக் கடற்கரையில்தான் படத்தின் பெரும்பகுதியை எடுத்தார்கள். இயக்குநர் ராமு காரியாட்டு பிறந்த ஏங்ஙண்டியூர் இதற்கு வடக்கே அருகில்தான். ஆகவே கதை ஆலப்புழைக் கரையில் நடந்தாலும் அவர் தன் சொந்தக் கடலைத் தேர்ந்துகொண்டார். 1954-ல் பி. பாஸ்கரனோடு சேர்ந்து அவர் எடுத்த ‘நீலக்குயில்’ படமும் சாதி பார்த்துக் கைவிடப்பட்ட ஒரு தலித் பெண்ணைப் பற்றியதுதான். ‘செம்மீன்’ குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. தென்னிந்தியப் படம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

இங்கே கரை அகலம். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் மணல் விரிந்து கிடந்தது. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியைத் தமிழர்களுக்கு ‘மாயா பஜார்’ நிலவொளியால் தெரியும். சென்னை ஸ்டுடியோக்களில் விளக்கால் நிலவை உண்டாக்கியவர், இங்கே வந்து உண்மைக் கடலுக்கும் உண்மை மேகத்துக்கும் காத்திருந்து எடுத்திருக்கிறார். கரைக்கு வந்து நின்ற பிறகுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது: படத்தில் காதலர்கள் பேசும்போதெல்லாம் கடல் அவர்களுக்குப் பின்னால் அமைதியாக, ஒளியோடு இருக்கிறது. கதையில் ஆட்கள் வாயால் சொல்லும் கொடிய கடலம்மையை அந்தக் காட்சிகளில் கேமரா காட்டவில்லை.

டீக்கடையில் வயதான ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு வந்து உட்கார்ந்தார். படப்பிடிப்பு நடந்தபோது அவர் சிறுவன். ஒரே பாட்டை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று புரியாமல் வெயிலில் நின்றிருக்கிறார். பரீக்குட்டி முஸ்லிம், அவள் இந்து, அப்போது இந்தக் கரையில் இதை எடுத்ததற்கு எதிர்ப்பு இல்லையா என்று கேட்டேன். காதலித்தவர்கள் செத்துப்போவதாகக் காட்டினால் யார் எதிர்ப்பார்கள், சேர்ந்து வாழ்ந்ததாகக் காட்டியிருந்தால் கேட்டிருப்பார்கள் என்றார். அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இதே காரணத்தால்தான் தங்கள் வீட்டிலும் படத்துக்கு அனுப்பினார்கள் என்று அவரிடம் தமிழிலேயே சொன்னார். அவருக்கு விளங்கியது. டீ பன்னிரண்டு ரூபாய். எங்கள் பணத்தை வாங்க விடாமல் அவரே கொடுத்தார்.

ஜூலை 13, சனி: திரும்பும் ரயில்

கூட்டம் அதிகம், முன்பதிவுப் பெட்டியிலும் நின்றுகொண்டு வந்தார்கள். எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர் கொல்லத்தில் முந்திரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற அம்மா. பொட்டலத்தைப் பிரித்து, உப்பேரியும் சர்க்கரைப் பிரட்டியும் எங்களுக்கும் வைத்தார். பேச்சு தானாகவே ‘செம்மீன்’ பக்கம் திரும்பியது. நாவலின் முடிவில் கரையொதுங்கிய காதலர்களும் சுறாவும் மட்டும் இல்லை. கருத்தம்மாவின் தங்கை பஞ்சமி, அக்காளின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் அழுதுகொண்டு நிற்கிறாள். பாட்டுகளைப் பற்றியும் சாவைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு இந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பஞ்சமி இருந்தால் தன்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள் என்று அத்தை கணக்குப் போட்டார். அந்தக் குழந்தைக்குத் தாயைப் பற்றி என்ன சொல்லி வளர்த்திருப்பாள் என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. உண்மையைச் சொல்லியிருப்பாள், அந்த வீட்டில் கடனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவள் உன் அம்மா மட்டும்தான் என்று சொல்லியிருப்பாள் என்றார் அத்தை. முந்திரித் தொழிற்சாலை அம்மா அதை ஏற்கவில்லை. கரையிலேயே இருந்திருந்தால் எதையும் சொல்லியிருக்க முடியாது, ஊர் முந்திக்கொண்டு சொல்லியிருக்கும் என்றார். தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படிப் பேச்சுக்கு ஆளான வீட்டுப் பெண்கள் பலர் கடற்கரையை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தார்கள். கொட்டை உடைத்துக் கை கறுத்தாலும் வாரக்கூலி தங்கள் கையில் வந்தது, யாரிடமும் தோணி வாங்கக் கடன் கேட்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சமியும் குழந்தையோடு கொல்லத்துக்குத்தான் வந்திருப்பாள் என்றார் அவர். அந்தக் குழந்தைக்கு எத்தனை வயதில் கல்யாணம் ஆகியிருக்கும், மாப்பிள்ளை வீட்டார் தாயைப் பற்றி விசாரித்திருப்பார்களா என்று அத்தை கேட்டார். விசாரிக்காமல் எப்படி, என் மகளுக்கே எல்லாவற்றையும் விசாரித்தார்களே என்று அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொல்லம் வந்துவிட்டது.